விளைநிலத்தில் தைல மரம்: நீரும் கூலியும் எங்கே போகின்றன?

தைல மரம், யூகலிப்டஸ், நீலகிரியில் கற்பூர மரம், புதுக்கோட்டைப் பக்கத்தில் ஆர்.எஸ்.பதி என்று தமிழில் பல பெயர்களால் வழங்கும் இந்த மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. நிலத்தடி நீரையெல்லாம் உறிஞ்சி ஊரைப் பாலையாக்கும் மரம் என்கிறது ஒரு கட்சி. வேறெதுவும் விளையாத மண்ணிலும் வளர்ந்து பணம் தரும் மரத்தின் மேல் வீண்பழி சுமத்துகிறார்கள் என்கிறது மற்றது. இரு கட்சியினரும் மரத்தையே பார்க்கிறார்கள். இந்த வழக்கைப் புதிதாக அறிந்துகொள்ள வரும் ஒருவர் முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மரம் வருவதற்கு முன் அந்த நிலத்தில் என்ன நின்றது, அதை நம்பி யார் யார் பிழைத்தார்கள் என்று கேட்டுவிட்டால், பாதிக் குழப்பம் தானாகத் தெளிந்துவிடும்.

யூகலிப்டஸ் என்பது 700-க்கும் மேற்பட்ட இனங்களை உள்ளடக்கிய ஒரு பேரினத்தின் பெயர். மிகச் சிலவற்றைத் தவிர அவையெல்லாம் ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. குளிர்ந்த மலைகளில் வளர்ந்து தைலம் காய்ச்சப் பயன்படுவது குளோபுலஸ் இனம். சமவெளியின் மானாவாரி நிலங்களில் காகிதக் கூழுக்காக நடப்படுபவை பெரும்பாலும் டெரெடிகார்னிஸ், கமால்டுலென்சிஸ் ஆகிய இனங்களும் அவற்றின் கலப்பினங்களும். இந்தியாவில் இம்மரம் 1790-ஐ ஒட்டித் திப்பு சுல்தானின் ஆட்சிக் காலத்தில் நந்தி மலையில் முதலில் நடப்பட்டதாகச் சொல்வார்கள். நீலகிரிக்கு அது 1843-இல் விறகுத் தேவைக்காக வந்தது. நெடுங்காலம் தோட்டத்து மரமாகவும் மலை மரமாகவும் இருந்த அது, உழுது விதைக்கும் நிலத்துக்குள் பெருமளவில் இறங்கியது 1980-களில், சமூகக் காடுகள் திட்டம் நடைமுறைக்கு வந்த போதுதான்.

விவசாயி அதை ஏன் விரும்பி நட்டார் என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நட்ட முதல் ஓராண்டு பிழைத்துவிட்டால் பிறகு அதற்குப் பெரிய கவனிப்பு தேவையில்லை. தண்டு நேராக, கிளையின்றி, வேகமாக ஏறும். ஆடு மாடு வாய் வைப்பதில்லை என்பதால் வேலி போடும் செலவு மிச்சம். ஐந்து முதல் எட்டு ஆண்டுகளில் வெட்டலாம்; வெட்டிய அடிக்கட்டையிலிருந்து தானே துளிர்த்து மறுதாம்பு வளர்வதால் மறுபடி நடாமலே இரண்டு மூன்று முறை அறுவடை கிடைக்கும். மழை பொய்த்த ஆண்டில் தானியப் பயிர் முதலையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். மரமோ அந்த ஆண்டு கொஞ்சம் மெதுவாக வளரும், அவ்வளவுதான். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், நிலத்தை விற்கவும் மனமில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிரைக் காட்டுவது கடினம்.

இனி நீருக்கு வருவோம். ஒரு மரம் நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் குடிக்கும் என்று உலவும் எண்களை நான் பொருட்படுத்துவதில்லை. மரத்தின் வயது, நட்ட இடைவெளி, மண்ணில் இருக்கும் ஈரம், காற்றின் வறட்சி ஆகியவற்றைப் பொறுத்து அந்த எண் பல மடங்கு ஏறி இறங்கும். அதைவிட ஒரு வயலின் ஆண்டு வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பது பயன் தரும். மழைதான் வரவு. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர் நீர். அதில் ஒரு பகுதி மேலோட்டமாக ஓடிவிடும். ஒரு பகுதி மண்ணிலிருந்து நேரடியாக ஆவியாகும். ஒரு பகுதியை வேர்கள் உறிஞ்ச, அது இலைத்துளைகள் வழியாக நீராவியாகி வெளியேறும். மிஞ்சியது கீழே இறங்கி நிலத்தடி நீரோடு சேரும். கிணற்றில் ஊறுவதும் ஓடையில் கோடையிலும் கசிவதும் இந்த மிச்சத்திலிருந்து வருபவைதாம்.

கேழ்வரகு போன்ற மானாவாரிப் பயிர் நான்கு மாதத்துக்குள் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. அதன் வேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். அறுவடைக்குப் பின் வயல் வெறுமனே கிடக்கும் மாதங்களில் பெய்யும் மழையும், பயிர் எட்டிப் பிடிக்க முடியாத ஆழத்துக்குப் போய்விட்ட ஈரமும் மண்ணின் கையிருப்பாகச் சேர்கின்றன. அதே வயலில் தைல மரம் நின்றால், அது இலையுதிர்க்காத மரம் என்பதால், ஆண்டின் பன்னிரண்டு மாதமும் நீராவிப்போக்கு நடந்துகொண்டிருக்கும். மேல்மண் காய்ந்தபின் அதன் வேர் பல மீட்டர் கீழே இறங்கி அங்குள்ள ஈரத்தைத் தேடும். ஆக, ஓய்வு என்பதே இல்லாத ஒரு பயிர், முன்பு எந்தப் பயிரும் தொடாத கையிருப்பில் கை வைக்கிறது.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த நீரியல் ஆய்வாளர் இயன் கால்டரும் அவருடன் பணியாற்றிய குழுவினரும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து கர்நாடகத்தில் பல இடங்களில் தைல மரத் தோப்பு, இயற்கையான இலையுதிர் காடு, கேழ்வரகு வயல் ஆகிய மூன்றின் நீர்ச் செலவையும் ஒப்பிட்டார்கள். மண்ணின் ஆழம் மூன்று மீட்டர் அளவில் இருந்த இடங்களில் தைல மரத்தின் செலவு அந்தப் பகுதியின் இயற்கைக் காட்டின் செலவைவிட அதிகமாக இல்லை. இரண்டுமே ஏறத்தாழ பெய்த மழை முழுவதையும் செலவழித்தன. கேழ்வரகின் செலவோ அதில் பாதி அளவுதான். ஆகவே காடு இருந்த இடத்தில் தைல மரம் வந்தால் நீர்க் கணக்கு பெரிதாக மாறாது என்று ஒருவரும், வயல் இருந்த இடத்தில் வந்தால் கணக்கே தலைகீழாகிவிடும் என்று இன்னொருவரும் ஒரே ஆய்வைக் காட்டி வாதிடலாம். இருவரும் சொல்வது உண்மையே. மரத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இத்தனை காலமாக ஒருவரையொருவர் பொய்யர் என்று ஏசிக்கொள்வதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெங்களூருக்கு அருகில் ஹொசக்கோட்டையில், ஆழமான மண்ணைக் கொண்ட விளைநிலத்தில் நடப்பட்ட தோப்பில் கிடைத்த முடிவு இன்னும் வியப்பானது. அங்கே மூன்றாண்டுகளில் பெய்த மழை 2,100 மில்லிமீட்டர். அதே காலத்தில் மரங்கள் செலவழித்தது 3,400 மில்லிமீட்டர். வரவைவிடச் செலவு 1,300 மில்லிமீட்டர் அதிகம், அதாவது ஹெக்டேருக்கு 1.3 கோடி லிட்டர். இந்த நீர் எங்கிருந்து வந்தது? வேர்கள் ஆண்டுக்காண்டு புதிய ஆழத்துக்கு இறங்கி, அங்கே பல காலமாகத் தேங்கியிருந்த மண் ஈரத்தைக் கறந்திருக்கின்றன. அவை நிலத்தடி நீர்மட்டத்தை எட்டித் தொட வேண்டிய தேவைகூட இல்லை. நடுவில் இருக்கும் பல மீட்டர் மண் காய்ந்துவிட்டால், பெய்யும் மழையெல்லாம் முதலில் அந்த மண்ணை நனைக்கவே சரியாகப் போய்விடும். கிணற்றுக்கு எதுவும் போய்ச் சேராது. மரம் கிணற்று நீரைக் குடித்துவிட்டது என்று ஊரார் சொல்வது வழிமுறையளவில் முழுச் சரியில்லை. ஆனால் கிணறு வற்றியதை அவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

காகித ஆலைத் தரப்பினர் அடிக்கடி எடுத்துவைக்கும் ஒரு வாதம் உண்டு: ஒரு கிலோ மரம் உருவாக்க இது செலவழிக்கும் நீர் வேறு பல மரங்களைவிடக் குறைவு, ஆகவே இது நீர்ச் சிக்கனமான மரம். முதல் பகுதியை ஏற்கலாம். ஆனால் கிணற்றுக்குச் சேர வேண்டியது கிலோக் கணக்கு பார்த்து வருவதில்லை. சிக்கனமாகச் செலவழிக்கும் ஒருவர் மிக வேகமாக வளர்ந்து மிக நிறையச் செலவழித்தாலும் பை காலியாகத்தான் செய்யும்.

மண்ணுக்கும் அண்டைப் பயிருக்கும் நேர்வதைப் புரிந்துகொள்ள ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். முதிர்ந்த இலை அரிவாள்போல் வளைந்து, தோல்போல் தடித்து, மெழுகு பூசியதுபோல் இருக்கும். உள்ளே ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் நுண்புள்ளிகள் தெரியும். அவைதாம் எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாசனை அவற்றிலிருந்து வருவது. அந்த எண்ணெயின் முக்கியக் கூறான சினியோலும், இலையில் உள்ள பீனால் வகைச் சேர்மங்களும் பிற விதைகளின் முளைப்பைத் தடுக்க வல்லவை. ஆடு மாடு தொடாததற்கும் அதே இலைதான் காரணம்; சருகு எளிதில் மக்காததற்கும் அதுவே காரணம். மழை நிறையப் பெய்யும் இடங்களில் இந்தச் சேர்மங்கள் கரைந்தோடிவிடுவதால் மரத்தடியில் செடிகொடி ஓரளவு வளரும்; வறண்ட பகுதித் தோப்புகளில் மரத்தடி துடைத்துவிட்டாற்போல் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த வெறுமைக்கு வேதிப்பொருள் பாதிக் காரணம் என்றால், மேல்மண் ஈரத்துக்கான போட்டி மீதிப் பாதி.

வரப்போரத்தில் ஒரே வரிசையாக நட்டால் பிரச்சினை இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். வேருக்கு வரப்பு தெரியாது. பக்கத்து வயலில் மரத்தை ஒட்டிய சில மீட்டர் அகலத்துக்குப் பயிர் குட்டையாக, வெளிறி நிற்பதும், விலக விலக உயரம் கூடுவதும் கண்ணால் பார்த்தே அறியக்கூடிய ஒன்று. நட்டவருக்கு மர விலை கிடைக்கிறது; விளைச்சல் குறைவதோ அண்டை வயல்காரருக்கு. கிராமங்களில் தைல மரத்தால் வரும் சச்சரவுகளில் பலவும் இந்தச் சில மீட்டர் அகலத்தில் தொடங்குபவை.

மண்ணின் சத்தைப் பொறுத்தவரை, எந்தப் பயிரையும் போலவே இதுவும் எடுத்துக்கொண்டு போகிறது. திருப்பித் தருவது எவ்வளவு என்பது வெட்டும் முறையைப் பொறுத்தது. இலையிலும் பட்டையிலும்தான் சத்து செறிந்திருக்கிறது, குறிப்பாகப் பட்டையில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பட்டையை அங்கேயே உரித்துப் போட்டுவிட்டுத் தண்டை மட்டும் ஏற்றினால் இழப்பு குறையும். பட்டையோடு ஏற்றி, இலை தழையையும் எரித்துவிட்டு, அடுத்த ஐந்தாண்டில் மறுபடியும் அதையே செய்தால் மண் மெலியத்தான் செய்யும். தீயும் ஒரு கவலை. எண்ணெய் நிறைந்த இலையும், நாடாநாடாக உரிந்து தொங்கும் பட்டையும் நெருப்பை மேலேற்றிக் காற்றில் பறக்கவிடும். போர்ச்சுகலில் 2017 ஜூன் மாதம் பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பிறகு, அந்நாடு தைல மரத் தோப்புகளை மேலும் விரிவாக்குவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. பல்லுயிர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், ஒரே வயதுடைய ஒரே மரம் வரிசையாக நிற்கும் இடத்தில் பூக்காலத்தில் தேனீக்களுக்கு நல்ல விருந்து உண்டு. மற்றப் பெரும்பாலான உயிர்களுக்கு அங்கே அதிக வேலை இல்லை. பிரேசிலில் இத்தகைய தோப்புகளைப் ‘பசுமைப் பாலைவனம்’ என்றே அழைக்கிறார்கள்.

மனிதர்களுக்கு வருவோம். இதுவே எனக்கு முக்கியமாகப் படும் பகுதி. பொதுவாகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். ஒரு மானாவாரி வயல் நிலவுடைமையாளருக்கு மட்டும் சோறு போடுவதில்லை. உழவு, விதைப்பு, இரண்டு களை, அறுப்பு, கதிரடிப்பு, தூற்றல் என்று ஆண்டுதோறும் அது ஆட்களை அழைக்கிறது. அதில் களையெடுப்பும் அறுப்பும் பெரும்பாலும் நிலமற்ற பெண்களின் கூலி. அறுத்தபின் தாள் மாட்டுக்குப் போகிறது. சிந்திய கதிரைப் பொறுக்குபவர் உண்டு. தரிசாகக் கிடக்கும் மாதங்களில் யாருடைய ஆடானாலும் மேயலாம். தைல மரம் நட்ட நிலத்தில் நடும்போது சில நாள் வேலை இருக்கும். அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் அமைதி. வெட்டும் காலத்தில் ஒப்பந்தக்காரர் வெளியூர் ஆட்களோடும் இயந்திர வாளோடும் லாரியோடும் வந்து சில நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவார். ஏக்கருக்கு வரும் பணம் கூடியிருக்கலாம். ஆனால் முன்பு பல கைகளில் சிறுசிறு தொகையாகவும் கதிராகவும் தாளாகவும் பிரிந்துபோனது, இப்போது ஒரு கைக்கு ஒரே நாளில் வருகிறது. ஊரின் மொத்த வருமானம் என்று கூட்டிப் பார்ப்பவர் கணக்கில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவர்களின் நிலை இன்னும் மோசம். நகரத்தில் வாழும் நிலவுடைமையாளருக்கு, உழ ஒருவர் வேண்டும் என்ற கட்டாயம் இருந்தவரை குத்தகைதாரருக்கு ஓரிடம் இருந்தது. ஆளே தேவைப்படாத பயிர் வந்ததும் அந்த இடம் போய்விட்டது. ஆட்களைக் கூலிக்கு அமர்த்தும் தொல்லையிலிருந்து விடுபடவே தைல மரத்துக்கு மாறியவர்கள் உண்டு; கூலி உயர்வு கேட்பவர்களுக்குச் சொல்லாமல் சொல்லும் பதிலாகவும் மரம் பயன்பட்டிருக்கிறது.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. ஊருக்கு விறகும் தீவனமும் தருவதற்கென்று தொடங்கப்பட்ட சமூகக் காடுகள் திட்டத்தின் நாற்றுகள், அங்கே பெருமளவில் கேழ்வரகு நிலங்களில் போய் ஊன்றப்பட்டன. விளைந்த மரம் ஊரின் அடுப்புக்குப் போகாமல் கூழ் ஆலைகளுக்குப் போனது. ஆடு தின்னாத ஒரு மரத்தைத் தீவனத் திட்டத்தில் சேர்த்தவர்களின் துணிச்சலை என்னென்பது! இந்த வருத்தம் 1983-இல் துமகூரு மாவட்டத்தில் வெளிப்படையாக வெடித்தது. விவசாயிகள் அரசு நாற்றங்காலுக்கு ஊர்வலமாகச் சென்று தைல மர நாற்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் புளி விதையையும் மா விதையையும் ஊன்றினார்கள். மரமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நிலத்தின் மீதான உரிமை உறுதியாக இல்லாத இடங்களில் தைல மரம் வெறும் பயிராக நிற்பதில்லை, வேலியாகவும் ஆகிவிடுகிறது. தாய்லாந்தின் வடகிழக்கில் பல தலைமுறைகளாக உழுதுவந்தவர்களின் நிலங்கள் அரசுப் பதிவேட்டில் ‘சீரழிந்த காப்புக்காடு’ என்று எழுதப்பட்டிருந்தன. 1990-களின் தொடக்கத்தில் அங்கிருந்து மக்களை வெளியேற்றி மறுகுடியமர்த்தவும், அந்நிலங்களில் தைல மரத் தோப்பு வளர்க்கவும் இராணுவத்தின் பொறுப்பில் ஒரு திட்டம் நடந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1992-இல் அது கைவிடப்பட்டது. தரிசு, புறம்போக்கு, சீரழிந்த காடு என்று காகிதத்தில் எழுதப்படும் நிலம் உண்மையில் யாரோ மாடு மேய்க்கும், யாரோ விறகு பொறுக்கும் நிலமாகவே பெரும்பாலும் இருக்கிறது.

ஆனால் இதே மரம் ஏழைக் குடியானவருக்குக் கைகொடுத்த நாடும் உண்டு. எத்தியோப்பியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் மெனெலிக் மன்னர் காலத்தில், விறகில்லாமல் தவித்த தலைநகர் அடிஸ் அபாபாவைச் சுற்றித் தைல மரம் நடப்பட்டது. அது அங்கிருந்து சிறு விவசாயிகளின் கொல்லைகளுக்குப் பரவியது. வீடு கட்டக் கம்பு, அடுப்புக்கு விறகு, பணமுடை வந்தால் வெட்டி விற்க நான்கு மரம் என்று அவர்களுக்கு அது ஒரு சேமிப்புக் கணக்கு. டிக்ரே மாநில அரசு 1997-இல் விளைநிலத்தில் நடுவதைத் தடை செய்தபோது, அதில் நன்மை கண்டவர்களும் இழப்புக் கண்டவர்களும் ஊர்களிலேயே இருந்தார்கள். நடுபவரும் வெட்டுபவரும் பயன்படுத்துபவரும் ஒரே குடும்பமாக இருந்து, நடும் பரப்பும் சிறிதாக இருந்தால், சமூகக் கேடு பெருமளவு குறைகிறது. நீர்ச் செலவு அப்படியேதான் இருக்கும்.

கட்டுப்பாடு என்று வரும்போது இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, கர்நாடக அரசு 2017-இல் செய்ததுபோல் புதிதாக நடுவதையே தடை செய்வது. மற்றது தென்னாப்பிரிக்காவின் வழி. அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டுத் தேசிய நீர்ச் சட்டம், வணிக நோக்கிலான மரத் தோப்பை ‘ஓடை நீரைக் குறைக்கும் நடவடிக்கை’ என்று வகைப்படுத்தி, அதற்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. ஆழ்துளைக் கிணறு தோண்டி நீரெடுப்பவரைப் போலவே மரம் நட்டு நீரெடுப்பவரும் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் உட்பொருள். இரண்டில் பின்னதே எனக்கு அறிவுடைமையாகத் தோன்றுகிறது. அதில் மரத்தின் பெயர் முக்கியமில்லை; நீர் முக்கியம். தைல மரத்தைத் தடை செய்துவிட்டு அதே வயலில் அதே நெருக்கத்தில் வேறொரு பசுமை மாறாத, வேகமாக வளரும் மரத்தை நட்டால் ஏமாறுவது நாம்தான்.

சரி, வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்ட ஒருவர் நிலத்தை எப்படித் திரும்பப் பெறுவது? மரத்தை வெட்டுவது எளிது, தூரை அகற்றுவதுதான் பாடு. வெட்டிய சில வாரங்களில் அடிக்கட்டையின் விளிம்பைச் சுற்றிப் பட்டைக்கு அடியிலிருந்து மொட்டுகள் கிளம்பி, கொத்துக்கொத்தாக, இளஞ்சாம்பல் பச்சை நிறத்தில் துளிர்விடும். ஒடித்தால் மறுபடி வரும். பொக்லைன் கொண்டுவந்து தூரோடு பெயர்த்தாலொழிய அங்கே ஏர் ஓட்ட முடியாது. மரம் விற்ற பணத்தில் கணிசமான பகுதியை இந்த வேலை விழுங்கிவிடும் என்பதாலேயே, விருப்பமில்லாமல் இன்னொரு மறுதாம்பை விட்டுவைப்பவர்கள் ஏராளம். நடும் அன்று யாரும் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை.

நீர் திரும்பவும் காலம் பிடிக்கும். தென்னாப்பிரிக்காவின் மோகோபுலான் என்ற இடத்தில், சிறு நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றின் புல்வெளியில் கிராண்டிஸ் இனத் தைல மரங்களை நட்டு, அதிலிருந்து வரும் ஓடையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். நட்ட மூன்றாம் ஆண்டிலேயே ஓட்டம் குறையத் தொடங்கியது. ஒன்பதாம் ஆண்டில் ஓடை முற்றிலும் வற்றியது. பக்கத்துப் பகுதியில் பைன் மரம் நட்டார்கள். அங்கும் பன்னிரண்டாம் ஆண்டில் ஓடை வற்றியது. தைல மரங்களுக்குப் பதினாறு வயதானபோது எல்லாவற்றையும் வெட்டி வீழ்த்தினார்கள். அடுத்த மழைக்கே ஓடை திரும்பிவிடவில்லை. வேர்கள் உலர்த்திவிட்டுப்போன ஆழமண் முதலில் தன் பங்கை நிரப்பிக்கொண்டது. அதன் பிறகுதான், வெட்டி ஐந்தாண்டு கழித்து, ஓடை ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது.